தட்டில் விழாத உண்ணிகள்

சென்ற மாதம், நான் வேலை செய்த வனவிலங்கு மீட்பு நிலையத்தின் வாசற்சுவரிலிருந்து ஒரு போஸ்டரைக் கழற்றியிருக்கிறார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் வெறுஞ்சுவரைப் படமெடுத்து அனுப்பிக் கேட்டிருந்தாள்: "அக்கா, இதை ஏன் கழட்டினவை? புது மேலாளரைக் கேட்டால் உங்களைக் கேக்கச் சொல்லுறா. உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும். ஆனால் குறுஞ்செய்தியில் அடங்காது.

எனக்கு முப்பத்துநான்கு வயது. இந்த வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். மருத்துவச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. உண்ணிக் கடியால் வந்த நோய் பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டது. இடது முழங்கால் வீங்கி, மருந்தில் வற்றி, மறுபடி வீங்கி, இப்போது முழுதாக மடங்காது. எங்கள் வேலையில் பாதி குந்தியிருந்து செய்வது, மீதி வீட்டுப் பின்புறத்து மரத்தள டெக்குகளுக்குக் கீழே ஊர்ந்து செய்வது. அதனால் விட்டுவிட்டேன். என்னைக் கடித்த உண்ணியை நான் பார்க்கவே இல்லை. எந்த வளவில், எந்த நாளில் என்றும் தெரியாது. இது பற்றிப் பிறகு சொல்கிறேன், அல்லது சொல்லாமலும் விடலாம்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விலங்கு மருத்துவத் தொழில்நுட்பம் கல்லூரியில் படித்தேன். ஒரு குளிர்காலம் முழுவதும் நாய், பூனை ஆஸ்பத்திரியில் கூண்டு கழுவினேன். பிறகு ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் இருந்த இந்த நிலையத்துக்கு வந்தேன். எனக்குக் கிடைத்தது தனிமைப்படுத்தல் அறை. நோய் தொற்றலாம், உண்ணி பரவலாம் என்ற விலங்குகள் முதலில் அங்கேதான் வரும். ஜன்னல் இல்லாத அறை. கதவில் 'உள்ளே வராதீர்கள்' என்று எழுதியிருக்கும். விரும்பித்தான் அந்த அறையை எடுத்தேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

அந்த அறைக்குப் பொறுப்பான மருத்துவர் டொக்டர் மலர். நாமக்கல்லில் படித்துவிட்டு வந்தவர். என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். முதல் நாள் அவர் கேட்ட எதற்கோ நான், எங்கள் வழக்கில் 'ஆமாம்' என்பதற்கு, "ஓம் டொக்டர்" என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"ஓம் டொக்டர்."

"நீ இப்படிச் சொல்லச் சொல்ல, நான் கன்னத்துல போட்டுக்கணும் போல இருக்கு. சரி, கையுறையை மாட்டு."

அவருக்கும் எனக்கும் நடந்த வேடிக்கைப் பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்தது. அவர் குரல் உயர்த்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். ஒரு விலங்கின் உடம்பை எப்போதும் ஒரே ஒழுங்கில்தான் பார்ப்பார்: இடது காது, வலது காது, கண்ணிமைகள், தாடைக்குக் கீழே, கழுத்து, முன்னங்கால் இடுக்குகள், விரல்களின் இடை, பையுள்ள இனத்தில் பெண்ணாக இருந்தால் குட்டிப் பையின் விளிம்பு, பின்னங்கால் இடுக்குகள், வாலடி. ஒரு கை விலங்கின் மேலிருந்து எடுபடாது. பார்க்கும் இடத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் எழுதுவார்.

ஒரு தடவை நான் சொன்னேன்: "வலது காது பாத்திட்டன் டொக்டர். ஒண்டும் இல்லை."

பேனா நின்றது. "இல்லையா, உனக்குக் கெடைக்கலையா?"

"கிடைக்கேல்லை."

"அப்ப அதைச் சொல்லு. இல்லைன்னு சொல்ல நீ யாரு? காதுக்குள்ள குடியிருந்தியா?"

அதற்குப் பிறகு நான் 'இல்லை' என்ற சொல்லை அந்த அறையில் பாவிக்கவில்லை. 'காணவில்லை' என்று மட்டும் சொன்னேன்.

இனி அந்தப் போஸ்டர். பூனையளவில், எலி முகமும் வயிற்றில் குட்டிப் பையுமுள்ள ஒரு தாய் ஒப்பொசமும் அதன் முதுகில் குட்டிகளும். கீழே, 'உங்கள் வளவின் உண்ணிகளை நான் தின்கிறேன்' என்ற வாசகமும், ஒரு பருவத்தில் எத்தனை ஆயிரம் தின்னும் என்ற பெரிய எண்ணும். இணையத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த எண் வந்த வழியை டொக்டர் மலர் எனக்கு ஒரு மதிய இடைவேளையில் சொன்னார். கூண்டில் வைத்த விலங்குகள் மேல் உண்ணிகளை விட்டார்கள். சில நாட்கள் காத்திருந்து, இரத்தம் குடித்துக் கீழே தட்டில் விழுந்தவற்றை எண்ணினார்கள். விழாதவற்றை, விலங்கு நக்கி விழுங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு பெருக்கினார்கள். பின்னால் வேறு சிலர், வெளியில் வாழ்ந்த ஒப்பொசங்களின் இரைப்பையைத் திறந்து தேடினார்கள். உண்ணி அகப்படவில்லை.

"தட்டுல விழாததெல்லாம் வயித்துக்குள்ள போச்சுன்னு கணக்கு போட்டா, நம்ம ஊர்ல பஸ் ஏறாதவன் எல்லாம் செத்துட்டான்னு சொல்ற மாதிரி" என்றார்.

போஸ்டரைக் கழற்றச் சொல்லி அவர் அப்போதைய மேலாளரிடம் பலமுறை கேட்டிருக்கிறார். மேலாளர் நல்ல மனிதர். அவருடைய பதிலிலும் நியாயம் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஆட்கள் ஒப்பொசத்தை மண்வெட்டியால் அடிப்பதை விட்டார்கள், அது இருக்கட்டும் என்பார். அது இருந்தது.

அப்படி இருந்த ஒரு யூன் மாதத்தில்தான் நந்தன் அண்ணை ஃபோன் எடுத்தார்.

வோபர்னில், பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். பாண் தொழிற்சாலையில் வேலை. மனைவி வாசுகியிடமிருந்து பிரிந்தவர். அவர்களுடைய எட்டு வயது மகள் அபி, பிக்கரிங்கில் தாயோடு இருந்தாள்; சனி, ஞாயிறு அப்பாவிடம் வருவாள். பின்வளவில், டெக்குக்குக் கீழே ஒரு ஒப்பொசம் குடியிருந்தது. அபி அதைக் கண்டுபிடித்து, சோறும் மீனும் வைக்கத் தொடங்கினாள். அவள் இல்லாத நாட்களில் நந்தன் அண்ணை வைத்தார். அது வந்து சாப்பிடும்போது கைபேசியில் படம் பிடித்து மகளுக்கு அனுப்புவார். பிரிந்திருந்த கிழமை நாட்களில் அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் போய்வந்தது பெரும்பாலும் அந்தப் படம்தான்.

பிறகு ஒரு ஞாயிறு மாலை, பிக்கரிங்கில் அபியைக் குளிக்க வார்க்கும்போது முழங்காலின் பின்புறத்தில் வாசுகி ஒரு உண்ணியைக் கண்டிருக்கிறார். நேரத்துக்கு மருந்து கொடுத்தார்கள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மிருகம் வளவில் இருக்கும்வரை பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, எனக்கு ஒரு கடிதம் தந்தால் காணும்" என்றார் நந்தன் அண்ணை. "உங்கட சுவரில கிடக்கிறதுதான். உது உண்ணி சாப்பிடுற மிருகம், உண்ணி கொண்டு வாற மிருகமில்லை எண்டு. நிலையத்தின்ர பேரோட ஒரு வரி."

"அண்ணை, நான் டொக்டரைக் கேக்க வேணும்."

"கேளுங்கோ. ஆனா கெதியாக் கேளுங்கோ. ரெண்டு சனிக்கிழமை போட்டுது."

டொக்டர் மலரைக் கேட்டேன். மறுத்தார். பிறகு, அந்த ஒப்பொசம் ஒரு பின்னங்காலை ஊன்றாமல் நடக்கிறது என்று நந்தன் அண்ணை சொன்னதையும் சொன்னேன். "அப்ப அவளைக் கொண்டு வா. கடிதத்துக்கு இல்ல, காலுக்கு" என்றார்.

அடுத்த நாள் அவளைக் கொண்டுவந்தேன். காதுகளின் விளிம்பு குளிரில் கருகி உதிர்ந்திருந்தது. இந்த நாட்டின் குளிருக்கு ஏற்ற காதும் வாலும் அதற்கு இல்லை. பின்னங்காலில் தகரம் வெட்டிய காயம். பையில் குட்டிகள். என் கை பட்டதும் வாயைத் திறந்தபடி சரிந்துவிட்டாள். நடிக்கிறது என்பார்கள். அது நடிப்பில்லை, மயக்கம் போல ஒன்று. தானாக வருவது, தானாகத்தான் போகும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

காயத்துக்குத் தையல் போட்டபின், உண்ணிக்கான கூண்டில் விட்டோம். அது எளிய ஏற்பாடு. அடிப்பகுதி கம்பி வலையாலான கூண்டு, கால்களில் நிற்கும். அதன் கீழே அகலமான வெள்ளைத் தட்டில் தண்ணீர். தட்டின் விளிம்பில் வாஸ்லீன் தடவியிருக்கும். ஊர்ந்து வெளியேற முடியாது. விலங்கின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணி, வயிறு நிறைந்ததும் பிடியை விட்டு விழும். காலையிலும் மாலையிலும் தட்டைப் பார்த்து, விழுந்ததை எடுத்து மதுசாரக் குப்பியில் போட வேண்டும். எச்சத்தைத் தனியாக எடுத்து, மெல்லிய சல்லடையில் நீர் விட்டுக் கழுவி, பூதக்கண்ணாடிக்குக் கீழே பார்க்க வேண்டும். உண்ணியின் ஓடு வயிற்றில் சமிக்காது என்பார்கள். தின்றிருந்தால் ஒரு துண்டாவது வர வேண்டும்.

அந்த நாட்களில் அறையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். ஒப்பொசம் தனியாகத் திரியும் விலங்கு. சோடி சேரும்போதும் குட்டிகளைச் சுமக்கும்போதும் தவிர அதன் உடம்போடு உடம்பாக இருப்பது உண்ணிகள்தான். அவையும் வயிறு நிறையும்வரைதான். இதை நான் சோகமாக நினைத்ததில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கூண்டைப் பார்த்தபடி சாப்பிடும்போது மட்டும் சில நேரம் ஞாபகம் வரும்.

தட்டில் நிறைய விழுந்தன. பெரும்பாலானவை கசகசா விதையை ஒத்த சின்னவை, இரத்தம் குடித்து உளுந்தளவு வீங்கியவை. சல்லடையில் வண்டுகளின் சிறகு, நத்தை ஓட்டின் பொடி, மீன்முள். உண்ணியின் துண்டு ஒன்றும் அகப்படவில்லை. கடைசி நாள் அவளை உறங்க வைத்து, இடது காதிலிருந்து வாலடி வரை பார்த்தோம். கண்ணிமையிலும் பையின் விளிம்பிலும் இன்னும் விழாமல் இருந்தன. வெளியிலிருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்காது.

"பாத்தியா" என்றார் டொக்டர் மலர். "இதையும் தின்னுட்டான்னு எழுதியிருப்பாங்க."

நந்தன் அண்ணைக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சட்டப்படி எந்த விலங்கையும் பிடித்த இடத்துக்குக் கிட்டத்தான் விட வேண்டும். கால் ஆறியதும் அவளையும் பையிலிருந்த குட்டிகளையும் கூட்டில் வைத்துக் கொண்டுபோனேன். கூடவே ஒரு வெள்ளைத் துணியும்: ஒரு தடியில் கட்டிய ஃபிளானல் சதுரம். அதைப் புல்லின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தால், காத்திருக்கும் உண்ணி விலங்கென்று நினைத்துத் துணியில் தொற்றிக்கொள்ளும். சில அடிக்கொரு தரம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

டெக்கைச் சுற்றி இழுத்தேன். துணியில் எதுவும் ஏறவில்லை. நடுப்புல்லிலும் அப்படித்தான். பின்வேலி ஓரத்தில், பள்ளத்தாக்குப் பக்கம், போன வருடத்துச் சருகு குவிந்திருந்தது. அதனருகே அபியின் ஊஞ்சல். ஊஞ்சலுக்கும் சருகுக்கும் நடுவில் ஒரு நீலப் பிளாஸ்ரிக் கோப்பை, சோறு காய்ந்து ஒட்டியபடி. அங்கே துணியைத் திருப்பியபோது கசகசா தூவியது போலிருந்தது. தூவியவை ஊர்ந்தன.

"கோப்பையை ஏன் அண்ணை இவ்வளவு தூரத்தில வைக்கிறியள்?"

"அபி ஊஞ்சலில இருந்து பாக்கிறவள். கிட்ட வைச்சா உவள் பயப்பிடுவாள் எண்டு அவள்தான் இடம் சொன்னது."

கோப்பையைத் தூக்கினேன். சுற்றிலும் எலிப் புழுக்கை. சருகுக்குள் சின்னச் சின்ன வாசல்கள். மிச்சச் சோற்றுக்கு வெள்ளைக்கால் சுண்டெலிகள் வந்திருந்தன. உண்ணிக் குஞ்சுகள் பெரும்பாலும் முதல் இரத்தத்தை அவற்றிடம்தான் குடிக்கின்றன. நோயும் அங்கிருந்துதான் ஏறுகிறது. ஒப்பொசம் உண்ணியைச் சுமந்தது உண்மை. ஆனால் வளவை நிரப்பியது கோப்பை.

செய்ய வேண்டியவற்றைச் சொன்னேன். சருகு முழுவதையும் வாரிக் கட்டிக் கொடுப்பது. வேலியோரம் மரச்சீவல் பரப்புவது. ஊஞ்சலை வெயிலுக்கு, வீட்டுப் பக்கம் நகர்த்துவது. சாப்பாடு வைப்பதை நிறுத்துவது.

"மற்ற எல்லாம் செய்யிறன்" என்றார். "கோப்பையை விடுங்கோ."

"அதை விட்டால் மற்றது செய்து பிரயோசனமில்லை அண்ணை."

"சாப்பாடு இல்லாட்டி உவள் போயிடுவாள்."

"போகலாம்."

"அபி உவளைப் பாக்கத்தான் இஞ்ச வாறவள் தங்கச்சி."

சொல்ல ஒன்று இருந்தது: அவள் வருவது உங்களைப் பார்க்க. அது உண்ணியைப் பற்றியது இல்லை என்பதால் எனக்கு உரிமை இருக்கவில்லை. கூட்டின் கதவைத் திறந்துவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் டெக்குக்குக் கீழே போனாள்.

அந்த நேரம் பார்த்து வாசுகி அக்கா வந்தார். நான் வருவேன் என்று நந்தன் அண்ணை சொல்லியிருக்கிறார். நிலையத்திலிருந்து ஆள் வந்து வாயால் சொன்னால் நம்புவார் என்று எண்ணியிருக்கிறார். அபி காருக்குள் இருந்தாள், கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு. வாசுகி அக்கா புல்லில் கால் வைக்கவில்லை, நடைபாதையில் நின்றார்.

"நீங்கள்தானே எக்ஸ்பேர்ட்? ஒரு கேள்வி. உந்த மிருகம் உண்ணி சாப்பிடுமோ, இல்லையோ?"

நந்தன் அண்ணை என் முகத்தைப் பார்த்தார். கெஞ்சுவது போலக்கூட இல்லை. காத்திருந்தார், அவ்வளவுதான். ஒரு 'ஓம்' போதும். எங்கள் சுவரிலேயே பெரிய எழுத்தில் இருந்தது. நான் சொன்னால் அது பொய்யென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"தெரியாது அக்கா" என்றேன். "சாப்பிட்டதுக்கு அடையாளம் தேடினனாங்கள். காணேல்லை. அவளின்ர உடம்பிலயும் உண்ணி இருந்தது."

"பாத்தீங்களே!" வாசுகி அக்கா அவர் பக்கம் திரும்பினார். "நான் என்ன சொன்னனான்? உங்கட கதையும் உங்கட பெரிய எலியும்."

"ஆனா பிள்ளையைக் கடிச்சது அவளால எண்டு சொல்லேலாது" என்றேன். "டெக் பக்கம் ஒண்டும் ஏறேல்லை. ஊஞ்சல் பக்கம்தான்." துணியை விரித்துக் காட்டினேன். சுண்டெலியையும் கோப்பையையும் சருகையும் சொன்னேன். செய்ய வேண்டியவற்றை மறுபடி சொன்னேன்.

வாசுகி அக்கா துணியை வெகு நேரம் பார்த்தார். "உவ்வளவு சின்னதோ?"

"ஓம்."

"உதெல்லாம் செய்தா, திரும்பக் கடிக்காது எண்டு எழுதித் தருவீங்களோ?"

"மாட்டன். குறையும். ஒவ்வொரு தரமும் குளிக்க வார்க்கேக்க பாக்கத்தான் வேணும்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. "கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இந்த வீட்டுக்காரர் எல்லாத்துக்கும் 'ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை' எண்டுதான் சொன்னவர். இப்பதான் ஒரு ஆள் தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுறா." பிறகு அவரிடம்: "நந்தன், சருகை வாருங்கோ. கோப்பையையும் எடுங்கோ. நான் வந்து பாத்திட்டு விடுறன்."

"எடுக்கிறன்" என்றார் நந்தன் அண்ணை. அவர் கோப்பையைக் கையில் வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அபி மறுபடி வரத் தொடங்கினாள். சருகும் கோப்பையும் இல்லாத வளவுக்கு, இடம் மாறிய ஊஞ்சலுக்கு. டெக்குக்குக் கீழே அவளுடைய ஆள் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு இல்லை.

இலையுதிர்காலத்தில் நந்தன் அண்ணை ஒருநாள் மாலை என்னைக் கூப்பிட்டார். அப்போது என் முழங்கால் முதல்முறை வீங்கியிருந்தது. கட்டிலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ விலங்குகளின் காதுக்குள் தேடியவள் என் உடம்பில் தேடத் தவறியிருக்கிறேன் என்று அன்று காலைதான் தெரிய வந்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"தங்கச்சி, உவள் வாறேல்லை. அபி ஒவ்வொரு சனியும் கேக்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல? வேற நல்ல இடத்துக்குப் போட்டாள் எண்டு சொல்லட்டோ? றோட்டில அடிபட்டிருக்குமோ? செத்திருக்கும் என்ன?"

இரண்டும் நடக்கும். ஒப்பொசம் ஓரிடத்தில் நிலைக்காது. இடம் மாறிக்கொண்டே இருக்கும். மார்க்கம் றோட்டில் வாகனங்களும் நிற்பதில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு முடிவு கிடைக்கும். எனக்கும் அன்று யாராவது ஒரு முடிவைச் சொல்லியிருந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன்.

"காணேல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை. உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சது அவ்வளவுதான்."

போரைக் கண்டு வந்த எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. ஒவ்வொரு வீட்டிலும் அது ஏதோ ஒரு படத்துக்குக் கீழே இருக்கிறது.

"சரி" என்றார். "சொல்லிப் பாக்கிறன்."

அதன்பின் நிலையத்தில் இன்னும் சில காலம் இருந்தேன். முழங்கால் முடிவெடுத்தது. இப்போது அஜக்ஸில் ஒரு அறை. மாலை ரயிலில் இறங்கி வருகிறவர்களின் கால்கள் கீழ்த்தள ஜன்னலில் தெரியும், பிறகு தெரியாது. டொக்டர் மலர் எப்போதாவது குறுஞ்செய்தி அனுப்புவார். சென்ற மாதம் அவர் மேலாளர் பொறுப்புக்கு வந்தார். முதல் வாரம் கழற்றியது அந்தப் போஸ்டரை. தங்கச்சி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். அந்த இடத்தில் வேறு எதையாவது ஒட்ட அவசரப்படாதீர்கள்.

நந்தன் அண்ணை அந்த இலையுதிர்கால மாலைக்கு அடுத்த சனிக்கிழமை திரும்பக் கூப்பிட்டார்.

"சொன்னனான்" என்றார். "காணேல்லை எண்டு. அழுவாள் எண்டு பயந்தனான்."

"என்ன சொன்னவள்?"

"'அப்ப இன்னும் தேடலாம்தானே, அப்பா?' எண்டு கேட்டாள். இப்ப சப்பாத்து போட்டுக்கொண்டு வாசலில நிக்கிறாள்."

பின்னால் ஒரு சின்னக் குரல் அவரை அவசரப்படுத்தியது. பிறகு வாறன் தங்கச்சி என்று சொல்லி வைத்துவிட்டார்.